சாந்தோம் பேராலயம்: கப்றும் கோபுரமும்

சென்னை மெரீனாவின் தென்கோடியைத் தாண்டிச் சாந்தோம் நெடுஞ்சாலையில் செல்வோர் கண்ணில் முதலில் படுவது வெண்ணிறமான ஒரு கூர்ங்கோபுரம். அதன் உயரம் 155 அடி. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தின் 192 அடியை அண்ணாந்து பார்த்துப் பழகிய நமக்கு அந்த உயரம் வியப்பூட்டுவதன்று. வியப்பு அதன் வயதில் இருக்கிறது. பார்ப்போர் பலர் அதனை நானூறு ஐந்நூறு ஆண்டுப் பழமை உடையதென்றும், போர்த்துகீசியர் கட்டியதென்றும் எண்ணிவிடுகின்றனர். உண்மையில் இப்போது நிற்கும் பேராலயம் 1893ஆம் ஆண்டில் பழைய கோயிலை இடித்துவிட்டுத் தொடங்கப்பெற்றது. 1896 ஏப்ரல் முதல் தேதி அர்ச்சிக்கப்பெற்றது. சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்தைவிட அது நான்கு ஆண்டு இளையது.

கத்தோலிக்கரின் தலைமைக் கோயில் ஒன்றைப் பற்றி நாம் எழுத என்ன இருக்கிறது என்று வாசகர் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எந்தக் கப்றின்மேல் அக்கட்டடம் எழுந்திருக்கிறதோ அந்தக் கப்றை ஒரு காலத்தில் காத்து, இரவுதோறும் விளக்கேற்றி வந்தவர் ஒரு முஸ்லிம் என்று போர்த்துகீசியர் ஒருவரே எழுதிவைத்துள்ளார். ஆகவே இவ்வரலாற்றில் நமக்கும் ஒரு பக்கம் உண்டு. அப்பக்கத்தையும் சேர்த்தே இதைச் சொல்ல முற்படுகிறோம்.

ஈஸா நபி (அலைஹிஸ்ஸலாம்) அவர்களின் பன்னிரு சீடருள் ஒருவர் தோமா. அவர் கி.பி. 52இல் சேர நாட்டுக் கடற்கரையில் இறங்கினார் என்றும், 72இல் மயிலாப்பூரை அடுத்து ஈட்டியால் குத்துண்டு இறந்தார் என்றும், கடலோரத்தில் அடக்கம் செய்யப்பெற்றார் என்றும் கிறித்தவ மரபு கூறும். இதற்குச் சமகால எழுத்துச் சான்று கிடையாது. மூன்றாம் நூற்றாண்டளவில் சிரியாக் மொழியில் எழுந்த தோமா வரலாற்று நூல் அவரைக் கொண்டோபர்னஸ் என்னும் வடமேற்கு மன்னனின் அவைக்கே கொண்டுசெல்கிறது. அம்மன்னன் கற்பனையல்லன், அவனுடைய நாணயங்கள் கிடைத்துள்ளன. நம் கடற்கரையைப் பொறுத்தவரை ஐயத்துக்கிடமற்ற சான்று ஒன்றைச் சொல்வதானால், 1547இல் பரங்கிமலையில் அகப்பட்ட கற்சிலுவையைத்தான் சொல்ல வேண்டும். அதில் பழம் பாரசீக மொழியான பஹ்லவியில் எழுத்துகள் பொறிக்கப்பெற்றுள்ளன. போர்த்துகீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பாரசீகத் தொடர்புடைய கிறித்தவர்கள் இப்பகுதியில் இருந்தனர் என்பது அதனால் தெளிவாகும்.

தோமாவின் எலும்புகளோ நெடுந்தொலைவு பயணம் செய்தவை. வணிகர் ஒருவர் அவற்றை இந்தியாவிலிருந்து எடெஸ்ஸாவுக்குக் கொண்டுசென்றார் என்பது பழைய செய்தி. எடெஸ்ஸா என்றால் வாசகர்க்கு அந்நியமாகத் தோன்றும். இன்றைய துருக்கியிலுள்ள உர்ஃபா நகரமே அது. இப்றாஹீம் நபி (அலைஹிஸ்ஸலாம்) அவர்கள் நெருப்பில் எறியப்பட்ட இடம் என்று அவ்வூரார் காட்டும் மீன்குளம் அங்கேதான் உள்ளது. பின்னர் 1258இல் அவ்வெலும்புகள் இத்தாலியின் ஓர்தோனா நகருக்குச் சென்றன. இன்றும் அங்கே உள்ளன என்பர். எனவே மயிலாப்பூரில் எஞ்சியது பெரும்பாலும் குழியும் மண்ணுமே. ஆயினும் மக்கள் அந்த மண்ணைத் தேடி வந்துகொண்டுதான் இருந்தனர்.

அவ்வாறு வந்தவர் யார் யார் என்பதை மார்க்கோ போலோ சொல்கிறார். 1292, 1293ஆம் ஆண்டுகளை ஒட்டிச் சீனத்திலிருந்து கடல்வழி திரும்பிய அந்த வெனிஸ் வணிகர், அரபியர் மாபர் என்றழைத்த நம் கரையை விரிவாக வருணித்தவர். அந்நாட்டை உடன்பிறந்தார் ஐவர் ஆள்கின்றனர் என்றும், அவருள் ஒருவர் பெயர் சுந்தரபாண்டியத் தேவர் என்றும் அவர் குறித்துள்ளார். நம் சுந்தரபாண்டியம் இன்றளவும் தாங்கி நிற்கும் அதே பெயர், வெனிஸ் நகரத்தவர் ஒருவர் வாயில் சற்றே உருமாறி நூலேறியிருப்பதைக் காணும்போது மகிழ்ச்சி உண்டாகிறது. அக்காலப் பாண்டியரிடம் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் என்னும் அரபியர் அமைச்சராக இருந்ததையும், காயல் முதலிய துறைமுகங்கள் அவர் பொறுப்பில் விடப்பட்டிருந்ததையும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியிருப்பது நம்மவர் பலர் அறிந்ததே. குதிரை வணிகமும் முத்துக்குளிப்பும் செழித்த அந்த மாபரில்தான், வணிகர் அதிகம் நாடாத ஒரு சிற்றூரில் தோமாவின் அடக்கத்தலம் இருந்தது.

அத்தலத்துக்குக் கிறித்தவர் மட்டுமன்றி முஸ்லிம்களும் பெருவாரியாக ஸியாரத்து வருகின்றனர் என்கிறார் மார்க்கோ போலோ. அவர்கள் தோமாவைப் பெரிய இறைநேசராகக் கொண்டு 'அவரியான்' என்று அழைப்பதாகவும் கூறுகிறார். இச்சொல் நெடுங்காலம் ஐரோப்பிய அறிஞர்க்குப் புதிராக இருந்தது. நமக்கு அதில் புதிர் ஏதுமில்லை. ஈஸா நபியின் சீடர்களைத் திருக்குர்ஆன் குறிப்பிடும் பெயர் 'ஹவாரிய்யூன்' என்பதாம். ஸூரத்துல் மாயிதா ஓதியவர் எவரும் வானிலிருந்து உணவுத் தட்டைக் கேட்ட ஹவாரிகளை மறந்திருக்க முடியாது. மாபர் முஸ்லிம்கள் 'ஹவாரி' என்றதையே மார்க்கோ போலோ 'அவரியான்' என்று கேட்டு எழுதியுள்ளார். ஆக, அன்றைய முஸ்லிம் அங்கே சென்றது அண்டை வீட்டாரின் திருவிழாவை வேடிக்கை பார்க்க அன்று. தம் வேதத்தில் சொல்லப்பட்ட கூட்டத்தாரில் ஒருவருடைய கப்று என்று அறிந்தே சென்றனர்.

மார்க்கோ போலோவுக்குப் பின் வந்த யாத்திரிகர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதியுள்ளனர். கோயிலைச் சுற்றிப் பதினைந்து கிறித்தவ வீடுகள் என்றார் ஒருவர். ஊரில் ஆயிரம் பேர் என்றார் இன்னொருவர். அவற்றை விடுத்து, 1516ஐ ஒட்டி எழுதிய துவார்த்தே பார்போசாவிடம் வருவோம். அவர் போர்த்துகீசிய அதிகாரி. கேரளக் கரையில் பல்லாண்டு வாழ்ந்தவர். அவர் காலத்தில் மயிலாப்பூர் பாழடைந்து கிடந்தது. கடலோரக் கோயில் புதர்மண்டி இடிபாடாகியிருந்தது. ஏழை 'மூர்' ஒருவர் அதன் காவலைக் கையில் வைத்திருந்தார் என்றும், அவர் அதற்காகக் கையேந்திப் பெற்ற காசில் இரவில் விளக்கெரிந்தது என்றும், மிச்சத்தில் அவர் பிழைத்தார் என்றும் பார்போசா குறிப்பிடுகிறார். போர்த்துகீசியர் மூர் என்று சொன்னது முஸ்லிம்களைத்தான். அந்த ஏழையின் பெயரைப் பார்போசா எழுதவில்லை. கப்றில் விளக்கேற்றலாமா கூடாதா என்னும் வாதம் நம்மிடையே உண்டு. அதனை இங்கே இழுக்க வேண்டாம். கிறித்தவர் அருகிப்போய்ப் புதர் மூடியிருந்த காலத்தில் அந்த இடம் அணையாமல் இருந்தது ஒரு முஸ்லிமின் பிச்சைக் காசினால் என்பது வரலாறு.

1517இல் மலாக்காவிலிருந்து திரும்பிய போர்த்துகீசியர் சிலரை ஆர்மீனிய வணிகர் அங்கே அழைத்துச் சென்று காட்டினர். அதன்பின் காட்சி விரைவாக மாறியது. 1523இல் கல்லறை தோண்டப்பட்டது. எலும்புத் துண்டுகளும், ஒரு ஈட்டிமுனையும், மண் நிரம்பிய பானையும் கிடைத்தன என்று அறிவித்தனர். கோயில் புதுப்பிக்கப்பட்டது. சுற்றிலும் போர்த்துகீசிய ஊர் எழுந்தது. 'சாவோ தோமே' என்னும் அவர்கள் வழக்கே சாந்தோம் ஆயிற்று. அதே ஆண்டுகளில் அதே போர்த்துகீசியர் நம் மரக்காயர்களின் கப்பல்களைக் கடலில் மறித்துக்கொண்டிருந்தனர். அவர்களுடைய அனுமதிச் சீட்டு இல்லாத மரக்கலம் கொள்ளைக்கு உரியது என்பது அவர்கள் சட்டம். 1538இல் வேதாளைக் கரையில் நம்மவர் படை அவர்களிடம் தோற்றது. தோமாவின் கப்றைப் போற்றியவர்களும் இவர்களே. இரண்டையும் ஒருங்கே சொன்னால்தான் வரலாறு ஆகும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மயிலைக் கபாலீசுவரர் கோயில் பண்டு கடற்கரையில் இருந்தது என்றும், போர்த்துகீசியர் காலத்தில் அது அழிவுற்று இப்போதைய இடத்தில் மீண்டும் கட்டப்பட்டது என்றும் வரலாற்றாசிரியர் பலர் கொள்வர். 1920களில் ஹோஸ்டன் என்னும் இயேசு சபைத் துறவி சாந்தோமில் பழம்பொருள்களைத் தேடித் திரட்டினார். அங்கே தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகளும் வெளிப்பட்டன. ஒரு துறவியே தம் கோயில் வளாகத்தின் கற்களில் பிறர் வழிபாட்டின் தடயத்தைத் தேடிப் பதிவு செய்தார் என்பதை நாம் மதிப்போடு குறிக்கிறோம். அக்கற்களை வைத்து இன்று சண்டை மூட்ட விரும்புவோருக்கு அவர் உதவமாட்டார். கற்களே இல்லை என்பாருக்கும் உதவமாட்டார்.

1545இல் பிரான்சிஸ் சேவியர் இங்கே சில மாதங்கள் தங்கினார். 1606 ஜனவரி 9ஆம் நாள் போப்பாண்டவர் ஐந்தாம் பவுல் மயிலாப்பூரைத் தனி மறைமாவட்டம் ஆக்கினார். அன்றுமுதல் கடலோரக் கோயில் ஆயரின் இருக்கை அமைந்த பேராலயம் ஆயிற்று. பின்னர் 1662இல் கோல்கொண்டா சுல்தானின் படை ஊரைப் பிடித்தது. 1672இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். இரண்டாண்டு முற்றுகைக்குப்பின் 1674இல் அவர்கள் கோல்கொண்டாவுக்கும் டச்சுக்காரருக்கும் பணிந்தனர். மறு ஆண்டு கோட்டை மதில்கள் இடிக்கப்பட்டன. 1749இல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. இத்தனை கைம்மாற்றங்களுக்கிடையிலும் கப்றின் இடம் மறக்கப்படவில்லை.

இனிக் கட்டடத்துக்கு வருவோம். அது ஏன் 1893இல் இடிக்கப்பட்டுப் புதிதாக எழுந்தது? ஊர் ஆங்கிலேயருடையதான பின்னும் மயிலாப்பூர் ஆயரை முன்மொழியும் உரிமை போர்த்துகல் மன்னரிடமே இருந்தது. கீழ்த்திசைக் கோயில்கள்மீது போப்பாண்டவர் முன்னாளில் அம்மன்னர்க்கு அளித்திருந்த காப்புரிமை அது. மறுபுறம் சென்னை நகரில், ஆர்மீனியன் தெருக் கோயிலைத் தலைமையாகக் கொண்டு, ரோமாபுரியின் நேரடி ஆட்சிக்கு உட்பட்ட வேறோர் அமைப்பு 1832 முதல் இருந்தது. 1886இல் அது உயர்மறைமாவட்டமும் ஆயிற்று. ஒரே நகரில் சில கல் தொலைவில் இரண்டு கத்தோலிக்கத் தலைமைகள்! அதே 1886இல் போப்பாண்டவர் பதின்மூன்றாம் லியோவும் போர்த்துகலும் உடன்படிக்கை செய்து எல்லைகளை வகுத்துக்கொண்டனர். அப்போது ஆயராகப் பொறுப்பேற்ற ஹென்றிக் ஜோஸ் ரீட் ட சில்வா என்பவரே பழைய கோயிலை இடித்துப் புதியது எழுப்பினார். அந்த உயர்ந்த கோபுரம் பக்தியினால் மட்டும் எழுந்ததன்று, மங்கிக்கொண்டிருந்த ஒரு பழைய உரிமையின் அறிவிப்பாகவும் எழுந்தது என்பதே நம் கருத்து.

வேடிக்கை என்னவெனில், போர்த்துகீசிய ஆயருக்காகக் கட்டியது கேப்டன் பவர் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். கட்டிய பாணியோ போர்த்துகீசியரின் பழைய பாணியன்று. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் மீட்டுயிர்க்கப்பட்ட கோதிக் பாணி. கொலோன் நகரத்துக் கோதிக் பேராலயம் 1248இல் தொடங்கி 1880இல்தான் முடிந்தது; சாந்தோமிலோ மூன்றே ஆண்டுகளில் வேலை முடிந்துவிட்டது. மேல்நோக்கி இழுக்கும் கோடுகள், கூர்முனை வளைவுகள், ஒடுங்கி உயர்ந்த சாளரங்கள், சுவரோரச் சிறுகூம்புகள் யாவும் வட ஐரோப்பாவின் மங்கிய வெயிலுக்குப் பிறந்தவை. அவை வங்கக்கடலின் கண்கூசும் வெளிச்சத்தில், வெள்ளை பூசப்பெற்று நிற்கின்றன.

அதே ஆண்டுகளில் ஆங்கில அரசு என்ன செய்துகொண்டிருந்தது? 1892இல் திறந்த உயர்நீதிமன்றத்துக்குக் குவிமாடங்களையும் மினாராக்களையும் சூட்டியிருந்தது. அதற்கு முன்பே மெரீனாவில் சிஷம் என்பவர் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தை அவ்வகையிலேயே எழுப்பியிருந்தார். அந்தப் பாணிக்கு 'இந்தோ-சாரசெனிக்' என்று பெயர். அதாவது இந்திய முஸ்லிம் பாணி. அரசாங்கம் நம் உடையைப் பூண, மாதா கோயில் ஐரோப்பிய உடையைப் பூண்டது என்று மேலெழுந்தவாரியாகச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஐரோப்பிய உடையின் நூல் எங்கே நூற்கப்பட்டது?

லண்டனின் புனித பவுல் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டபர் ரென், கோதிக் என்ற பெயரே பிழை, அதனைச் சாரசெனியர் பாணி என்றே அழைக்க வேண்டும் என்று வாதிட்டவர். அவர் சொன்னது முழுவதும் சரியென்று இன்று எவரும் கொள்வதில்லை. எனினும் கூர்முனை வளைவைப் பொறுத்தமட்டில் அவர் வாதத்தில் உண்மை உண்டு. பாலஸ்தீனத்து ரம்லாவில் அப்பாசியர் காலத்தில் அமைந்த நிலத்தடி நீர்த்தொட்டி வரிசை வரிசையாகக் கூர்முனை வளைவுகளால் தாங்கப்படுகிறது. அதன் ஆண்டு 789. கெய்ரோவில் இப்னு தூலூன் பள்ளிவாசல் முற்றுப்பெற்றது 879இல். பாரிஸை அடுத்த சென் தெனி கோயிலில் கோதிக் பாணி உருப்பெற்றதோ 1144இல்தான். சிசிலி, தென்னித்தாலி வழியே வளைவு மேற்கே சென்றது என்பர். வளைவு சென்றதே தவிர மற்றவை ஐரோப்பியக் கொத்தர்களின் சொந்த அறிவு. கூரையின் பாரத்தை விலாவெலும்பு போன்ற கல்வரைகளில் இறக்கி, அங்கிருந்து வெளித்தாங்கிகளுக்குக் கடத்தி, சுவரைப் பாரத்திலிருந்து விடுவித்து, அங்கே கண்ணாடியை நிரப்பியது அவர்களுடைய சாதனை. அதனையும் நமதென்று சொல்லிக்கொள்வது வெறும் பெருமைப்பேச்சு.

சாந்தோமின் சிறப்பு வளைவுகளில் இல்லை, அமைப்பில் உள்ளது. கட்டடம் சிலுவை வடிவானது. கோபுரங்கள் இரண்டு. ஒன்று நாம் முதலிற் சொன்ன 155 அடி உயரமுள்ளது. மற்றொன்று சிறியது, கட்டடத்தின் நடுவிலிருந்து எழுவது. அச்சிறு கோபுரத்துக்கு நேர் கீழேதான் கப்று இருக்கிறது. தமிழ்நாட்டுக் கோயிலமைப்பை அறிந்தவர்க்கு இது உடனே விளங்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் விண்ணைத் தொடுவது வாயிற் கோபுரம். கருவறையின்மேல் உள்ள விமானம் சிறியது. ஊருக்கு வழிகாட்டுவது பெரியது, உள்ளிருப்பதைக் காட்டுவது சிறியது. கேப்டன் பவர் அதைப் பார்த்து இதைச் செய்தார் என்று நாம் கூறவில்லை. ஆனால் தொலைவிலிருந்து வரும் தமிழ் யாத்திரிகர் எந்தக் கோபுரத்தைப் பார்த்து நடக்க வேண்டும், எந்தக் கோபுரத்தின் கீழ் நிற்க வேண்டும் என்று குழம்புவதில்லை.

உள்ளே ஜெர்மனியின் மியூனிக் நகரில் செய்த வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஒன்று உண்டு. ஐயுற்ற தோமா ஈஸா நபியின் காயத்தைத் தொட்டுப் பார்க்கும் காட்சி அதில் தீட்டப்பட்டுள்ளது. சிலுவை நிகழ்ச்சியைப் பற்றி நம் நம்பிக்கை வேறு என்பது யாவரும் அறிந்தது. எனினும் வெளியே கண்ணைக் கூசவைக்கும் அதே வெயில் அக்கண்ணாடியைத் தாண்டும்போது நிறம் மாறி உள்ளே விழுவது கட்டடக்கலையின் சாமர்த்தியம். குறையென்று நமக்குப் படுவது ஒன்றுண்டு. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் முன்னோர் பள்ளிவாசல் கட்டியபோது உள்ளூர்ச் சிற்பியின் கல்தூண்களையும் மண்டப அமைப்பையுமே கொண்டனர். சிலைகளை விலக்கினர், தொழிலை விலக்கவில்லை. சாந்தோமின் வடிவத்தில் தமிழ் மண்ணின் சாயல் தேடினாலும் கிடைப்பதரிது.

இருபதாம் நூற்றாண்டின் செய்திகள் சுருக்கமானவை. 1950இல் போர்த்துகல் தன் முன்மொழியும் உரிமையைத் துறந்தது. 1952இல் சென்னையும் மயிலாப்பூரும் ஒரே உயர்மறைமாவட்டமாக இணைந்தன. சாந்தோம் அதன் பேராலயம் ஆயிற்று, ஆர்மீனியன் தெருக் கோயில் இணைப் பேராலயம் ஆயிற்று. 1956இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர் அதற்குப் பசிலிக்கா என்னும் சிறப்பு நிலையை அளித்தார். 1986 பிப்ரவரியில் இரண்டாம் ஜான் பால் நேரில் வந்து கப்றடியில் பிரார்த்தித்தார்.

கட்டடக்கலை நோக்கில் நம் கவனத்துக்குரிய கடைசி மாற்றம் 2002 முதல் 2004 வரை நடந்தது. அதுவரை கப்றைக் காண வருவோர் கோயிலின் உள்ளேயே வந்து இறங்க வேண்டியிருந்தது. பூசையில் இருப்போருக்கும் ஸியாரத்துக்கு வருவோருக்கும் ஒருவரால் ஒருவர்க்கு இடையூறு. இது நம் தர்காக்களை நடத்துவோர் நன்கறிந்த சங்கடம். நாகூரில் தொழுகைக்குப் பள்ளிவாசல் தனி, கப்றுக்கு வழி தனி. நாகூரின் மிக உயர்ந்த மினாராவைக் கட்டுவித்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப் சிங் என்பதும் இங்கே நினைவுக்கு வருகிறது. சாந்தோமில் கோயிலுக்கு வெளியே பின்புறமாகப் புது வாயில் அமைத்து, படியிறங்கி நிலத்தடிச் சிற்றாலயத்தை அடையுமாறு செய்தனர். ஓர் அருங்காட்சியகமும் உடன் அமைந்தது. மேலே பூசை நடக்கும் வேளையிலும் இப்போது கீழே எவரும் சென்று அமரலாம். கோதிக் கோபுரத்தின் அடியில், அலங்காரம் குறைந்த அந்த அறையில், மதம் கேட்பாரின்றி மக்கள் வந்து சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் போகின்றனர்.